லாமிங்டன்: ஒரு கிராமத்துப் பெயர் போன வழி

மும்பை கிராண்ட் ரோடு ரயில் நிலையத்தின் கிழக்குப் பக்கம் இறங்கி நடந்தால் சிறிது நேரத்தில் மின்னணுச் சாமான் கடைகள் தொடங்கிவிடும். ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், சர்க்யூட் போர்டு, சாலிடரிங் கம்பி, சிசிடிவி கேமரா, சுருள் சுருளாகக் கேபிள். நான்கு பேர் நின்றால் நிறைந்துவிடும் கடைகளில் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். பொறியியல் கல்லூரி மாணவர் கையில் ஒரு துண்டுச் சீட்டு. தெருவின் பெயர்ப்பலகையில் இருப்பது ‘டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க்’. ஆனால் சாமான் வாங்க வந்தவரும் விற்பவரும் டாக்சி ஓட்டுபவரும் சொல்வது ஒரே பெயர்தான்: லாமிங்டன் ரோடு.

இதே சொல்லை ஆஸ்திரேலியாவில் சொன்னால், சாக்லேட்டில் தோய்த்துத் தேங்காய்த் துருவலில் புரட்டிய சதுரக் கேக் ஒன்று தட்டில் வந்து சேரும். பப்புவா நியூ கினியின் ஓரோ மாகாணத்தில் சொன்னால் பெரியவர்கள் ஒரு மலையைக் காட்டுவார்கள். 1951இல் வெடித்து ஏறத்தாழ மூவாயிரம் உயிர்களைக் குடித்த மலை அது.

தெரு, கேக், எரிமலை. இவை மூன்றும், தென் ஸ்காட்லாந்தில் கிளைடு ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு சிற்றூரின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. எப்படி என்று கேட்டால் எல்லாக் கையேடுகளும் ஒரே வரியில் பதில் தருகின்றன: ‘லாமிங்டன் பிரபுவின் நினைவாக’. அந்தப் பதில் தவறல்ல. ஆனால் ஒரு பெயர் ஏன் ஓரிடத்தில் ஒட்டிக்கொள்கிறது, இன்னோரிடத்தில் ஏன் வெறும் வரைபட எழுத்தாகவே கிடக்கிறது என்பதற்கு அதில் விடை இல்லை. இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி அதுதான்.

குடியேறிகளின் ஏக்கமா, அரசின் முத்திரையா?

பிரிட்டிஷ் பேரரசு முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஸ்காட்லாந்துப் பெயர்களுக்குப் பொதுவாக இரண்டு விளக்கங்கள் தரப்படுகின்றன. ஒன்று, குடியேறியவர்களின் ஏக்கம். நியூசிலாந்தின் டனீடின் நகரம் இதற்கு நல்ல உதாரணம்: எடின்பரோவின் கேலிக் மொழிப் பெயரையே அங்கே குடியேறிய ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் புதிய ஊருக்கு வைத்துக்கொண்டார்கள். மற்றது, அதிகாரத்தின் முத்திரை: நிலத்தை அளந்தவர்கள் மேலதிகாரியின் பெயரை மலைக்கும் ஆற்றுக்கும் சூட்டிவிட்டுப் போனது.

லாமிங்டன் முதல் வகையில் சேராது. அந்தக் கிராமத்திலிருந்து கூட்டமாகக் கிளம்பிப்போன யாரும் ஊரை நினைத்து உருகி இந்தப் பெயர்களை வைக்கவில்லை. அப்படியானால் இரண்டாவது வகையா? பாதிதான். அரசு முத்திரை குத்திய இடங்களில் சில பெயரை மறந்துபோயின. அரசு எந்த ஆணையும் இடாத இடத்தில்தான், ஒரு கேக்கின் மேல்தான், அது இன்றுவரை அழியாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயரைக் கடல் கடத்தியது பிரபுப் பட்டம். அதைத் தக்கவைத்தது மக்களின் புழக்கம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் கையேடுகள் செய்யும் பிழை.

ஊர்

லாமிங்டன் தெற்கு லனார்க்ஷயரில் பிகர் என்ற சிறுநகரத்துக்குத் தென்மேற்கே, நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. சில கல் வீடுகள், ஒரு தேவாலயம், பழைய கோட்டைக் கோபுரம் ஒன்றின் இடிந்த சுவர், சுற்றிலும் ஆட்டு மந்தைகள் மேயும் புல்மேடு. சற்றுத் தள்ளி, 711 மீட்டர் உயரத்தில் டின்டோ குன்று. நிறுத்திப் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைப்பவர் காரை நிறுத்தாமலே போய்விடுவார்.

பெயரின் வேர் ஆய்வாளர்கள் பெரிதும் ஒத்துப்போகும் விஷயம். 12ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து மன்னர்கள் மேல் கிளைடு பள்ளத்தாக்கில் ஃபிளாண்டர்ஸ் பகுதியிலிருந்து வந்தவர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றினார்கள். அவர்களில் ஒருவர் லாம்பின். லாம்பினின் ஊர் லாமிங்டன். அக்கம்பக்கத்து ஊர்களும் இதே அச்சில் வார்த்தவை: டான்கார்டின் ஊர் தாங்கர்டன், வைஸின் ஊர் விஸ்டன், ராபர்ட்டின் ஊர் ராபர்டன், சைமனின் ஊர் சிமிங்டன். ஒரு மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் ஐந்து குடியேறிகளின் பெயரேட்டைப் புரட்டிவிடலாம்.

ஆக, ‘ஸ்காட்லாந்துப் பெயர்’ என்று உலகம் சொல்லும் இந்தப் பெயருக்குள் இருப்பவர் கடல்தாண்டி வந்த ஒரு வெளியூர்க்காரர். ஆளின் பெயர் ஊருக்கு ஆகி, ஊரின் பெயர் பட்டத்துக்கு ஆகி, பட்டத்தின் பெயர் மீண்டும் ஊர்களுக்கும் பண்டங்களுக்கும் ஆனது. (ஒரு எச்சரிக்கை: இங்கிலாந்தின் வார்விக்ஷயரில் இருக்கும் லெமிங்டனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது லீம் என்ற ஆற்றின் பெயரிலிருந்து வந்தது. நியூசிலாந்திலும் ஒரு லெமிங்டன் உண்டு. பெயர்ப் பட்டியல் தொகுப்பவர்கள் இரண்டையும் அடிக்கடி ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்கள்.)

ஊருக்கென்று இலக்கியப் புகழும் கொஞ்சம் உண்டு. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் இந்தத் தேவாலயத்தில் ஒருமுறை குளிரில் உட்கார்ந்திருந்து, கட்டடமும் பிரசங்கமும் ஒருசேர விறைத்துக் கிடந்ததைக் கேலிசெய்து நான்கைந்து வரி எழுதினார் என்பது வழக்கு. தேவாலயத்தில் நார்மன் பாணி வளைவு வாசல் ஒன்று எஞ்சியிருக்கிறது. இடைக்காலத்தைத் தொட்டுப் பார்க்க அதுவே போதும்.

இதைவிடப் பெரிய உரிமைகோரல், விடுதலை வீரர் வில்லியம் வாலஸின் மனைவி மரியன் பிரெய்ட்ஃபூட் லாமிங்டன் பண்ணையின் வாரிசு என்பது. இதற்கு ஆதாரம் ‘குருட்டு ஹாரி’ என்ற பாணர் பாடிய காவிய மரபு. வாலஸ் கொல்லப்பட்டது 1305இல்; ஹாரியின் காவியம் 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. நடுவே ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி. சமகால ஆவணம் எதுவும் அப்படி ஒரு பெண்ணைச் சொல்வதில்லை என்பதால் வரலாற்றாளர்கள் இதை ஏற்கத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் நியாயமானதே. ஆனாலும் கதை பொய்யாகவே இருந்தாலும் அதன் வடிவம் கவனிக்கத்தக்கது: லாமிங்டன் ஒரு பெண்ணின் வழியாகக் கைமாறுகிறது. ஆவணங்கள் உள்ள காலத்துக்கு வந்தபிறகும் இதேதான் நடக்கிறது.

பெண்வழி வந்த பெயர்

14ஆம் நூற்றாண்டு முதல் லாமிங்டன் பெய்லி குடும்பத்தின் சொத்து. 18ஆம் நூற்றாண்டில் வாரிசாக நின்றவர் ஹென்ரியெட்டா பெய்லி. அவரை மணந்தவர் ஸ்காட்லாந்தின் உயர் நீதிபதியான ஆர்னிஸ்டன் ராபர்ட் டண்டாஸ். இவர்களுடைய மகள் எலிசபெத், வடக்கே ஈஸ்டர் ராஸ் பகுதியின் பால்னகவுன் கோட்டைக்குரிய சர் ஜான் லாக்ஹார்ட் ராஸுக்கு வாழ்க்கைப்பட்டார். எலிசபெத்தின் பேத்தி மட்டில்டா ராஸ் கடற்படைத் தளபதி தாமஸ் காக்ரேனை மணந்தார். மட்டில்டாவின் மகனுக்கு வந்து சேர்ந்த பெயர்: அலெக்சாண்டர் டண்டாஸ் ராஸ் காக்ரேன்-விஷார்ட்-பெய்லி. பெயரைப் படித்தாலே குடும்ப மரத்தில் ஏறி இறங்கிய மூச்சு வாங்குகிறது. ஒவ்வொரு சொல்லும் ஒரு கல்யாணம்.

லாமிங்டன் என்ற பெயரின் முதல் இடமாற்றமும் இந்தக் கல்யாணங்களில் ஒன்றின் விளைவாகவே தோன்றுகிறது. ஸ்காட்லாந்தின் வடக்கே, இன்வர்கார்டனுக்கு அருகில் இன்னொரு லாமிங்டன் இருக்கிறது. சிதறிய சில குடியானவர் வீடுகள் மட்டும். அது பால்னகவுன் கோட்டையின் வட்டாரத்தில் இருப்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. தெற்கத்திய வாரிசுப் பெண் வடக்கே மணமாகிப்போனபோது பெயரும் கூடப் போயிருக்க வேண்டும் என்பது நியாயமான ஊகம். ஊகம் என்றே இதைச் சொல்ல வேண்டும்.

அந்த நீளப் பெயர்க்காரர் அலெக்சாண்டர் (1816–1890) நாடாளுமன்ற உறுப்பினர், எழுத்தாளர். இளம் வயதில், பின்னாளில் பிரதமரான டிஸ்ரேலியைச் சுற்றியிருந்த ‘இளம் இங்கிலாந்து’ குழுவில் ஒருவர். டிஸ்ரேலியின் ‘கானிங்ஸ்பி’ நாவலில் வரும் பக்ஹர்ஸ்ட் இவரை வைத்து வரைந்த பாத்திரம் என்பார்கள். 1880இல் டிஸ்ரேலி ஆட்சியை விட்டிறங்கிய வேளையில் இவருக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தது. காக்ரேன் என்றோ பெய்லி என்றோ அந்தப் பட்டம் அமையவில்லை; தாய்வழி வந்த பண்ணையின் பெயரையே அவர் எடுத்துக்கொண்டார். லாமிங்டன் பிரபு.

இந்த ஒரு தேர்வு இல்லாவிட்டால் மேலே சொன்ன எதுவும் இல்லை. ஆஸ்திரேலியர்கள் இன்று மாலைத் தேநீரோடு ‘காக்ரேன்’ சாப்பிட்டுக்கொண்டிருக்கக்கூடும்.

குயின்ஸ்லாந்து: பாலமும் காடும்

பெயரைக் கப்பலேற்றியவர் மகன், இரண்டாம் பிரபு சார்லஸ் (1860–1940). 1896 ஏப்ரலில் குயின்ஸ்லாந்து ஆளுநராகப் பொறுப்பேற்றபோது வயது 35. முந்தைய ஆண்டுதான் மேரி ஹோசியரை மணந்திருந்தார். 1901 டிசம்பர் வரை பதவியில் இருந்தார். ஆஸ்திரேலியக் கூட்டமைப்பு பிறந்தது அவர் காலத்தில்தான். மகனுக்கு வைத்த பெயர்களுக்கு நடுவே ‘பிரிஸ்பேன்’ என்றும் ஒன்று சேர்த்தார். ஊர்ப்பெயர் ஆளுக்கு ஆவது இந்தக் குடும்பத்தில் எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது.

வந்த ஆண்டே ஒரு பாலம் அவர் பெயரில் நின்றது. மேரிபரோ நகரத்தில் மேரி ஆற்றின் மேலிருந்த பழைய பாலத்தை 1893 வெள்ளம் அடித்துப் போயிருந்தது. பொறியாளர் ஆல்ஃபிரட் பார்ட்டன் பிரேடி கான்கிரீட்டில் தாழ்வான பாலம் ஒன்றை வடிவமைத்தார். வெள்ளம் மேலே ஏறி ஓடினாலும் தாங்கி நிற்கும்படியான அமைப்பு. கான்கிரீட் பாலம் அந்த நாட்டுக்கு அன்று புதுமை. அதுதான் லாமிங்டன் பாலம். பிரிஸ்பேன் மருத்துவமனை வளாகத்தில் ‘லேடி லாமிங்டன் செவிலியர் விடுதி’ எழுந்ததும் அதே காலத்தில். மேற்கு ஆஸ்திரேலியத் தங்கவயல் நகரமான கல்கூர்லியில் லாமிங்டன் என்ற பேட்டை உண்டு.

காட்டின் கதை இவ்வளவு நேரானதல்ல. பிரிஸ்பேனுக்குத் தெற்கே, நியூ சவுத் வேல்ஸ் எல்லையோரம் இருக்கும் மழைக்காட்டு மலைத்தொடரைப் பாதுகாக்க வேண்டுமென்று முதலில் குரல் கொடுத்தவர் ராபர்ட் காலின்ஸ். மாட்டுப் பண்ணைக்காரர், அரசியல்வாதி. அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களைப் பற்றி அறிந்துவந்து ஆண்டுக்கணக்கில் மன்றாடினார், 1913இல் இறந்தார். அவருக்குப் பின் ரோமியோ லாஹி என்ற இளம் பொறியாளர் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார். லாஹி மர அறுவை ஆலைக் குடும்பத்தில் பிறந்தவர். மரத்தை விற்றுப் பிழைத்த வீட்டுப் பிள்ளை மரத்தை வெட்டாதே என்று மனு எழுதியது ஊருக்கு வியப்பாக இருந்திருக்கும். 1915இல் பூங்கா அறிவிக்கப்பட்டது.

பெயர் மட்டும் காலின்ஸுக்கும் போகவில்லை, லாஹிக்கும் போகவில்லை. மலையின் பழைய பெயருக்கும் போகவில்லை. அந்த மலைகளை யூகம்பெ மக்கள் வூனூங்கூரா என்பார்கள். அந்தப் பெயரே நிலைக்க வேண்டும் என்று லாஹி விரும்பினார். பதவியை விட்டுப் போய் 14 ஆண்டு ஆகியிருந்த ஆளுநரின் பெயர்தான் அரசிதழில் ஏறியது. அந்த ஆளுநருக்கும் காட்டுக்கும் என்ன உறவு என்று பார்த்தால், ஒருமுறை அங்கே போனபோது ஒரு கோலாக் கரடியைச் சுட்டு வீழ்த்தினார் என்ற செய்தியே உள்ளூர் வரலாறுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. வனவிலங்குப் புகலிடம் ஒன்றுக்கு இதைவிடப் பொருந்தாத பெயர்க்காரரைத் தேடிப் பிடிப்பது கடினம்.

பூங்கா இன்று யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள கோண்டுவானா மழைக்காடுகளின் ஒரு பகுதி. அங்கே ஓடைகளில் வாழும் நீலநிற நன்னீர் இறாலின் ஆங்கில வழக்குப் பெயரிலும் லாமிங்டன் உண்டு. ஃபிளாண்டர்ஸ்காரர் லாம்பினின் பெயர் இறாலின் ஓட்டில்கூட ஏறிவிட்டது.

கேக் வழக்கு

லாமிங்டன் செய்வது எளிது; சுத்தமாகச் செய்வதுதான் பாடு. ஒருநாள் பழசான ஸ்பாஞ்சு கேக்கைச் சதுரங்களாக வெட்ட வேண்டும். புதுக் கேக் உதிர்ந்துவிடும். நீர்த்த சாக்லேட் குழம்பில் முள்கரண்டியால் குத்தி முக்கி எடுத்து, வடியவிட்டு, உலர்ந்த தேங்காய்த் துருவலில் ஆறு பக்கமும் புரட்ட வேண்டும். மூன்றாவது துண்டுக்குள் விரல் நுனியெல்லாம் சாக்லேட்டும் துருவலும் அப்பிக்கொள்ளும். பள்ளிக்கூடமோ சாரணர் படையோ பணம் திரட்ட வேண்டுமென்றால் தாய்மார்கள் வரிசையாக நின்று இதை டஜன் டஜனாகச் செய்து விற்பது ஆஸ்திரேலிய வழக்கம்; அதற்கு ‘லாமிங்டன் டிரைவ்’ என்றே பெயர். ஜூலை 21 தேசிய லாமிங்டன் நாள்.

இதன் பிறப்பைப் பற்றி மட்டும் கதைகளுக்குப் பஞ்சமில்லை. எதிர்பாராத விருந்தினர் வந்தபோது ஆளுநர் மாளிகையின் பிரெஞ்சுச் சமையல்காரர் ஆர்மண்ட் கலாண்ட் மிஞ்சிய கேக்கைச் சாக்லேட்டில் தோய்த்துச் சமாளித்தார், அவர் மனைவி தாஹிட்டித் தீவுக்காரி என்பதால் தேங்காய் சேர்ந்தது என்பது ஒன்று. பணிப்பெண் கை தவறிக் கேக்கைச் சாக்லேட்டில் போட்டாள் என்பது இன்னொன்று. பிரபு அணிந்த தொப்பியின் வடிவத்தால் பெயர் வந்தது என்பது மற்றொன்று. டூவும்பா நகரம் தன் கோடைக்கால ஆளுநர் இல்லத்தில்தான் நடந்தது என்கிறது, பிரிஸ்பேன் ஒப்புக்கொள்வதில்லை.

ஆதாரங்களின் தரத்தைப் பார்த்தால் கதைகள் தனியே, அச்சுச் சான்று தனியே நிற்கின்றன. சமையல்காரர் கதையும் பணிப்பெண் கதையும் பிற்காலத்து நினைவுகூரல்கள். அச்சில் கிடைக்கும் மிகப் பழைய செய்முறைகளில் ஒன்று 1900 டிசம்பரில் ‘குயின்ஸ்லாந்து கன்ட்ரி லைஃப்’ இதழில் வந்தது. அப்போது பிரபு பதவியில்தான் இருந்தார். ஆகவே பெயர் அந்தக் குடும்பத்தைக் குறிக்கிறது என்பதில் ஐயமில்லை. ஐயம் இருப்பது யாரைக் குறிக்கிறது என்பதில்தான். வரலாற்றாளர் மாரிஸ் ஃபிரெஞ்ச் 2013இல் எழுதிய நூலின் தலைப்பிலேயே ‘புதிர்’ என்ற பொருளுள்ள சொல்லைப் போட்டுக்கொண்டார். பிரிஸ்பேன் தொழில்நுட்பக் கல்லூரியில் சமையல் கற்பித்த ஏமி ஷாவரின் பெயரும் இந்த ஆய்வுகளில் அடிபடுகிறது.

இங்கே ஒரு தீர்ப்பு சொல்லலாம். அந்தக் காலத்துச் சமையல் வகுப்புகளும் செய்முறைப் பத்திகளும் பெண்களின் உலகம். அந்த உலகத்தில் ‘லாமிங்டன்’ என்றால் முதலில் நினைவுக்கு வருபவர், செவிலியர் விடுதிக்குப் பெயர் தந்த லேடி லாமிங்டனாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். விருந்தைக் காப்பாற்றிய ஆண் சமையல்காரரின் கதை சுவையானது. ஆனால் ஒரு பண்டம் நாடு முழுக்கப் பரவுவது விருந்து மேசையிலிருந்து அல்ல, வகுப்பறையிலிருந்தும் செய்தித்தாள் பத்தியிலிருந்தும்தான். பெண்வழியாகவே கைமாறி வந்த பெயர் இங்கேயும் அதே வழியில் போயிருந்தால் வியப்பதற்கில்லை.

தேங்காயைப் பற்றியும் ஒரு குறிப்பு. தாஹிட்டி மனைவியைத் தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கை உலர்தேங்காய்த் துருவலை ஆலைகளில் தயாரித்துப் பெட்டி பெட்டியாகப் பேரரசின் சந்தைகளுக்கு ஏற்றுமதி செய்யத் தொடங்கியிருந்தது. மளிகைக்கடை அலமாரியில் துருவல் கிடைத்த பிறகுதான் இப்படியொரு கேக் சாத்தியம்.

2014 ஏப்ரல் முதல் தேதியன்று ‘தி கார்டியன்’ ஒரு செய்தி வெளியிட்டது: 19ஆம் நூற்றாண்டு நியூசிலாந்து ஓவியமொன்றில் பாதி தின்ற லாமிங்டன் காணப்படுகிறது, ஆகவே கேக் நியூசிலாந்துடையது என்று. தேதியைக் கவனிக்காதவர்கள் பலர். முட்டாள்கள் தினக் கேலியான அந்தச் செய்தியை உண்மையென்றே மேற்கோள் காட்டும் எழுத்துகள் இன்றும் கண்ணில் படுகின்றன.

சும்பிரிபா

அந்நாளில் குயின்ஸ்லாந்து ஆளுநருக்குப் பிரிட்டிஷ் நியூ கினியின் நிர்வாகத்திலும் மேற்பார்வை இருந்தது. அதனால்தான் பப்புவாவின் வடகரையில் இருந்த 1,680 மீட்டர் மலைக்கும் அவர் பெயர் போய்ச் சேர்ந்தது. அதன் அடிவாரத்தில் வாழும் ஒரோகைவா மக்களுக்கு அது சும்பிரிபா. சும்பிரிபா அவர்களுடைய தொன்மத்தில் வரும் மனிதன். மலையின் பிளவுக்கு அவன் கதையே காரணம் சொல்கிறது.

அது எரிமலை என்று நிர்வாகத்துக்குத் தெரிந்திருக்கவில்லை. 1951 ஜனவரி நடுவில் நில அதிர்வும் சரிவுகளும் தொடங்கின; உச்சியிலிருந்து புகை எழுந்தது. ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பத்தரை மணியைத் தாண்டிய வேளையில் மலையின் வடபக்கம் வெடித்தது. எரிவாயுவும் சாம்பலும் கலந்த கொதிமேகம் சரிவுகளில் பாய்ந்து ஹிகதுரு அரசு நிலையத்தையும் சங்கரா மிஷனையும் சுற்றுக் கிராமங்களையும் துடைத்தெறிந்தது. சாவு ஏறத்தாழ மூவாயிரம். எரிமலையியலாளர் டோனி டெய்லர் இன்னும் குமுறிக்கொண்டிருந்த மலைக்கே மீண்டும் மீண்டும் போய் ஆய்வு செய்தார்; அந்தத் துணிவுக்காக ஜார்ஜ் சிலுவை விருது பெற்றார். 1958இல் வெளியான அவருடைய அறிக்கை எரிமலையியலின் அடிப்படை நூல்களில் ஒன்று.

ஒரு மலையின் பழம்பெயரைப் பொருட்படுத்தாமல் விட்டவர்கள் அதன் சீற்றத்தையும் அறியாமல் இருந்தார்கள் என்று எழுதத் தோன்றும். அது எளிதான அலங்காரம். தொன்மத்தை நிலவியல் எச்சரிக்கையாக வாசிப்பது நடந்தபின் வரும் அறிவு. உறுதியாகச் சொல்லக்கூடியது வேறொன்று. மானுடவியலாளர் எரிக் ஷ்விம்மர் இந்தப் பேரழிவின் பண்பாட்டு விளைவுகளை ஆராய்ந்து எழுதிய நூலின் தலைப்பு அம்மக்களை ‘மவுண்ட் லாமிங்டன் ஒரோகைவா’ என்று குறிக்கிறது. லனார்க்ஷயர் ஆட்டுப் பண்ணையின் பெயர், அந்தப் பண்ணையைக் கனவிலும் காணாத ஒரு மக்கள் கூட்டத்தின் அடைமொழியாக ஆய்வுலகில் நிலைத்துவிட்டது. பெயர் வைத்தலின் வன்முறை என்று எதையாவது சொல்வதானால், கோலாவைச் சுட்டவர் பெயரிலான பூங்காவைவிட இதைத்தான் சொல்ல வேண்டும்.

பம்பாயும் காக்ஸ்டன் மண்டபமும்

1903 முதல் 1907 வரை லாமிங்டன் பம்பாய் மாகாண ஆளுநர். மாகாணத்தின் தென்பகுதியில் இருந்த ஹூப்ளியிலும் அவர் பெயரில் பள்ளி உண்டு. லாமிங்டன் உயர்நிலைப்பள்ளி இன்றும் நடக்கிறது. பம்பாயில் தெரு. அந்தத் தெருவுக்குப் பெயர் தந்தவர் ஆளுநர். ஆனால் பொருள் தந்தவர்கள் சினிமாக்காரர்களும் வியாபாரிகளும். மினர்வா, நாஸ், அப்சரா என்று திரையரங்குகள் அணிவகுத்த தெரு அது. ‘ஷோலே’ 1975இல் வெளியாகி ஐந்தாண்டுகளுக்கு மேல் ஓடியது மினர்வாவில்தான். திரையரங்கு போன பிறகும் மின்னணுக் கடைகள் பெயரைக் காப்பாற்றின. ‘லாமிங்டன் ரோட்டில் கிடைக்காத உதிரிபாகம் இல்லை’ என்று சொல்பவருக்கு அந்தச் சொல் ஒரு வெள்ளைக்காரப் பிரபுவை நினைவூட்டுவதில்லை, சந்தையைத்தான் நினைவூட்டுகிறது. பெயர்மாற்ற ஆணை பலகையை மாற்றியது, வாயை மாற்ற முடியவில்லை. காலனியப் பற்று என்று இதைக் குறைசொல்பவர்கள் தெருவில் நின்று காதுகொடுத்துக் கேட்டதில்லை.

பிரபுவுக்கு இந்தியா இன்னொரு வடிவத்தில் திரும்பி வந்தது. 1940 மார்ச் 13 அன்று லண்டன் காக்ஸ்டன் மண்டபத்தில் கிழக்கிந்தியச் சங்கமும் ராயல் மத்திய ஆசியக் கழகமும் சேர்ந்து கூட்டம் நடத்தின. கூட்டம் முடியும் வேளையில் உத்தம் சிங் துப்பாக்கியை நீட்டினார். ஜாலியன்வாலாபாக் படுகொலையின்போது பஞ்சாபின் துணைநிலை ஆளுநராக இருந்த மைக்கேல் ஓ’ட்வையர் அங்கேயே இறந்தார். இந்தியாவுக்கான அமைச்சர் ஜெட்லண்ட் பிரபு, லூயிஸ் டேன் ஆகியோரோடு மேடையோரம் இருந்த லாமிங்டன் பிரபுவும் காயமடைந்தார். குண்டு அவர் கையில் பட்டது. வயது 79. ஜூலை 31 அன்று உத்தம் சிங் தூக்கிலிடப்பட்டார். செப்டம்பர் 16 அன்று பிரபு தம் லாமிங்டன் இல்லத்தில் காலமானார்.

மீண்டும் ஆற்றங்கரையில்

பிரிஸ்பேனின் பெயரைச் சுமந்த மகன் விக்டர் மூன்றாம் பிரபுவானார். அவருக்கு ஆண் வாரிசு இல்லை. எத்தனையோ முறை பெண்கள் வழியாகக் கைமாறிப் பிழைத்த பெயருக்கு அந்த வழி இப்போது அடைபட்டிருந்தது. நிலம் பெண்வழி போகலாம், இந்தப் பட்டம் போகாது. 1951 செப்டம்பரில் விக்டர் இறந்ததோடு லாமிங்டன் பிரபுப் பட்டம் மறைந்தது. பப்புவாவில் மலை வெடித்து அப்போது எட்டு மாதம்.

கிராமத்தின் பெயர் அண்மையில் தலைப்புச் செய்தியானது ஒரு பாலத்தால். லண்டனையும் கிளாஸ்கோவையும் இணைக்கும் மேற்குக் கரை ரயில் தடம் இவ்வூருக்கு அருகில் கிளைடு ஆற்றைக் கடக்கிறது. 2015 டிசம்பர் இறுதியில் வீசிய ஃபிராங்க் புயலின் வெள்ளம் லாமிங்டன் ரயில் பாலத்தின் தூண் ஒன்றின் அடிமண்ணை அரித்தது. டிசம்பர் 31 காலையில் ஒரு பயணிகள் ரயில் அதன் மேல் விரைந்து போனபோது ஓட்டுநர் தண்டவாளம் தாழ்ந்திருப்பதை உணர்ந்து தகவல் சொன்னார், தடம் மூடப்பட்டது. உயிர்ச்சேதம் இல்லை. பழுதுபார்த்து மீண்டும் திறந்தது 2016 பிப்ரவரி 22 அன்று. அந்த ஏழு வாரங்களும் பிரிட்டிஷ் செய்திகளில் ‘லாமிங்டன்’ என்றால் கேக் அல்ல, பாலம்.

ரயில்கள் இப்போது வழக்கம்போல் ஓடுகின்றன. லாமிங்டனில் நிற்பதில்லை, அங்கிருந்த நிலையம் 1965இலேயே மூடப்பட்டுவிட்டது.